மையக்கோட்டில் ஒரு செயற்பொறியாளர்

பஞ்சம்மாளின் வீட்டை இடிக்க வந்தவர்கள் சரியாக மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டார்கள். அலுவலக நேரம் முடிந்துவிட்டது. பொக்லைனின் கை அந்தரத்தில் நின்றது. அதன் பல்லில் சமையலறை ஜன்னல் மாட்டிக்கொண்டு ஆடியது.

செயற்பொறியாளர் ராஜகுரு, இடிந்த சுவருக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். சட்டைப் பையைச் சரிசெய்துகொண்டு இன்னொன்று. பிறகு பஞ்சம்மாள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, கால்வாய்க்குள்ள வீட்டக் கட்டி வச்சா தண்ணி எந்தப் பக்கம்மா போகும்? கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். உடன் வந்தவர்கள் பதவி வரிசைப்படி சிரித்தார்கள். கடைசியாகச் சர்வேயர் நாகராஜ் சிரித்தார்.

பஞ்சம்மாள் அழவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டாள்.

அருப்புக்கோட்டையின் கடைசித் தெருவையும் தாண்டி, கரிசல் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த வீடு. வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். பஞ்சம்மாளுக்குப் பாவு ஓட்டுகிற வேலை, தறிக்கான நீள இழைகளைப் பிசகாமல் நேராக இழுத்துக் கட்டுவது. வருஷத்துக்கு ஒரு சுவர் என்று பதினோரு வருஷமாக எழுப்பிய வீடு. மனைக்குப் பட்டா இருந்தது, மின்சார இணைப்பு இருந்தது. கால்வாய் மட்டும்தான் இல்லை.

ஆனால் காகிதத்தில் இருந்தது. திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றிலிருந்து அருப்புக்கோட்டை வரை, பதினான்கு கிலோமீட்டர். வரைபடத்தில் அளவுகோலை வைத்து இழுத்த ஒரே கோடு. நாற்பத்தைந்து வருஷங்களுக்கு முன் வெட்டினார்கள். வெட்டி முடித்து, மேளம் கொட்டி, மதகைத் திறந்தார்கள். தண்ணீர் ஒன்றரை கிலோமீட்டர் வந்தது. அதற்கு மேல் நிலம் மேடாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. விசாரணைக் குழு மூன்று வருஷம் ஆராய்ந்து, “நீரின் ஒத்துழைப்பின்மையே தோல்விக்குக் காரணம்” என்று அறிக்கை கொடுத்தது.

கால்வாய் கைவிடப்பட்டது. அதைப் பராமரிக்க உருவான அலுவலகம் கைவிடப்படவில்லை. நீர்வழி மீட்பு மற்றும் பராமரிப்புக் கோட்டம் என்ற பெயரில் முப்பத்திரண்டு ஊழியர்களோடும் ஒரு ஜீப்போடும் செழிப்பாக நடந்துகொண்டிருந்தது.

இடித்ததற்கு மூன்றாம் நாள்தான், இடிப்பதற்கு முன் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்பது கோட்டத்துக்கு ஞாபகம் வந்தது. சுவரில்லாத வீட்டின் கதவில் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். மிச்ச வீட்டுக்குப் பதினைந்து நாள் கெடு.

“விடு பஞ்சு. என் தங்கச்சி வீட்டுப் பக்கம் ஒதுங்கிருவோம். கவர்மெண்டோட நாம மல்லுக்கட்ட முடியுமா?” என்றான் அவள் புருஷன் அப்பய்யா.

அவள் தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னாள். அதை அச்சில் ஏற்ற முடியாது. அப்பய்யா எழுந்து வெளியே போய்விட்டான்.

நோட்டீஸின் முன்பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், கோட்டத்தின் விதிகள் இருந்தன. அச்சடித்தவரே படித்திருக்க மாட்டார். ஆனால் பஞ்சம்மாள், ஆயிரக்கணக்கான இழைகளுக்குள் அறுந்துபோன ஒற்றை இழையைத் தேடி முடிச்சுப் போட்டே இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவள். உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்பதாம் விதியில் விரல் நின்றது.

*

அலுவலக வாசலில் “ஓடாத நீரும் அரசின் நீரே” என்று பெரிய பலகை இருந்தது. உள்ளே ராஜகுரு யாரோ பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

“தண்ணி இருக்குற கால்வாய எவன் வேணாலும் பராமரிக்கலாம். அதுல என்ன நிர்வாகம் இருக்கு? தண்ணியே இல்லாத கால்வாய நாப்பத்தஞ்சு வருஷமா ஒரு உடைப்பு இல்லாம, ஒரு கசிவு இல்லாம காப்பாத்தியிருக்கோம். இந்தியாவுலயே நம்ம கோட்டத்துலதான் நீர் இழப்பு பூஜ்ஜியம்!”

தினமும் காலை ஆறு மணிக்குத் தலைமதகிலிருந்து மதகுக் காவலாளியான லஸ்கர் சோலை போன் பண்ணி, “நீர்மட்டம் சைபருங்கய்யா” என்பார். இங்கே இரண்டு பேர் அதைக் கேட்டு, ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்ப்பார். வருஷத்துக்கொரு முறை நீர் திறப்பு விழா. சோலை ஒரு குடம் தண்ணீரை மதகுக்குக் கீழே ஊற்ற, அதிகாரிகள் பூத்தூவுவார்கள். மத்தியானத்துக்குள் அது காய்ந்துவிடும் என்பதால், நீர் நிறுத்த விழாவையும் அன்று சாயங்காலமே வைத்துவிடுவார்கள்.

பஞ்சம்மாள் நோட்டீஸின் பின்பக்கத்தை மேஜைமேல் வைத்தாள்.

“சார், ஒம்பதாம் விதி. வீட்டுக்காரங்க கேட்டா, இடிக்கிறதுக்கு முன்னால செயற்பொறியாளரு நேர்ல வந்து, கால்வாயோட நட்டநடுக் கோட்டுல, கடைசிமுனையில இருந்து தலைமதகு வரைக்கும் கால்நடையா நடக்கணுமாம். வழியில நிக்கிற கட்டடத்தையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். அப்பறம் இடிக்கிறதத் தலைமதகுல இருந்துதான் ஆரம்பிச்சு வரணுமாம். நான் கேக்குறேன் சார். நடங்க.”

ராஜகுரு முதல்முறையாகத் தன் கோட்டத்து விதிகளைப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

“இதெல்லாம் வெள்ளக்காரன் காலத்து விதிம்மா.”

“கால்வாயே வெள்ளக்காரன் போன பெறகுதான சார் வெட்டுனீக?”

நடக்காவிட்டால் இடிப்பு ஆணை தானாகவே ரத்து என்று பத்தாம் விதி சொன்னது. அந்த வருஷம் கோட்டம் மீட்டிருந்த ஒரே ஆக்கிரமிப்பு பஞ்சம்மாளின் சமையலறைச் சுவர்தான். அதை வைத்துத்தான் ராஜகுரு “சிறந்த நீர்வழி மீட்பாளர்” விருதுக்கு விண்ணப்பித்திருந்தார். ஆகவே அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “நடக்கத்தானே? நடப்போம்” என்றார்.

*

சித்திரை மாதத்து வெயில். காலை ஆறரைக்கே தரை சுட்டது. ராஜகுரு புது ஷூ, தொப்பி, குளிர்க்கண்ணாடியோடு வந்தார். நாகராஜ் வரைபடத்தோடு வந்தார். வழி காட்ட லஸ்கர் சோலை வந்தார். டிரைவர் நல்லமுத்து ஜீப்பை ரோட்டோரமாக ஊர்ந்தபடி ஓட்டிவந்தார்.

பஞ்சம்மாள் ஒரு வயர்கூடையில், அட்டைக் கூம்பில் சுற்றிய கோன் நூலோடு நின்றாள். சாயம் பிசகி ஒதுக்கிப்போட்ட சிவப்பு நூல். ஒரு கோனில் நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் நூல் இருக்கும் என்பது நெய்கிறவர்களுக்குத் தெரியும். பொறியாளர்களுக்குத் தெரியாது.

“இது எதுக்கும்மா?”

“என் வீட்டுக்கு முன்சுவத்துல ஒரு குறி, பின்சுவத்துல ஒரு குறி போட்டிருக்கீக சார், கால்வாய் நடுக்கோடுன்னு. மேப்புல கோடு நேராப் போகுது. அந்த ரெண்டு குறியையும் புடிச்சு நான் நூல இழுத்துக்கிட்டே வாரேன். பாவு ஓட்டுறவளுக்கு நேரு தப்பாது. நீங்க நூலு மேலயே வந்தாப் போதும்.”

நூல் கிளம்பியது. நூறடிக்கு ஒரு குச்சி நட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பின்னால் பார்த்து, மறுபடி நடந்தாள். சோலை தன் பழைய ஞாபகத்தில் அங்கங்கே தடத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கரைந்துபோன மண்கரை. ஒரு சோளக்காட்டு நடுவில் அடியில் எதுவுமே ஓடாத ஒரு சின்னப் பாலம், அதன் நிழலில் ஆறு ஆடுகள். அப்புறம் தலைமதகிலிருந்து எண்ணி “கி.மீ. 11” என்று செதுக்கிய கல், அதில் யாரோ கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். எல்லாம் நூலின் மேல் அச்சுப் பிசகாமல் வந்தன.

முதல் கருவேலங்காடு வந்தது. ராஜகுரு ஓரமாக இருந்த ஒற்றையடிப் பாதையில் காலை வைத்தார்.

“சார்!”

“என்னம்மா?”

“கால்வாய் வளையலையே சார். நீங்க எதுக்கு வளையிறீக?”

“முள்ளும்மா!”

“நடுக்கோட்ட விட்டு விலகுன நடை நடையாகாதுன்னு போட்டிருக்கு சார். திரும்ப என் வீட்டுல இருந்து ஆரம்பிக்கணும்.”

ராஜகுரு முள்ளுக்குள் நுழைந்தார். தொப்பி ஒரு கிளையில் தங்கிவிட்டது. சட்டை முதுகுப் பக்கம் கிழிந்தது. காட்டின் மறுபுறம் கரி மூட்டம் போட்டிருந்த இடத்தின் நடுவே நூல் போனது. முழங்கால் வரைக்கும் கரித்தூள். பஞ்சம்மாள் வெறுங்காலோடு முன்னால் போய்க்கொண்டே, ஒவ்வொரு முள்ளுக்கும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். காணாததைக் கண்ட மாதிரி அவளுக்கு மனசு குளிர்ந்தது.

“அக்கா, பாவம் அக்கா” என்றார் சோலை மெதுவாக.

“ஜன்னலு பல்லுல தொங்குச்சேண்ணே. அப்ப யாருக்குப் பாவம்?”

சோலை முன்னால் போய் அடுத்த தடத்தைக் காட்டினார்.

ஏழு கிலோமீட்டர் நடந்ததும் மூன்று மாடித் திருமண மண்டபம் வந்தது. ஆளும் செல்வாக்கும் உள்ள ஒரு தலைவருடையது. நாகராஜ் வரைபடத்தைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

“இந்த எடத்துல கால்வாய் கொஞ்சம்… வளையுதுங்க.”

“மேப்புல வளையலையே சார்.”

“மேப்புல வளையாதும்மா. உணர்வுல வளையும்” என்றார் ராஜகுரு. “ஒரு கட்டடம் நூறு பேருக்குச் சோறு போடுதுன்னா, நீர்வழி தானா மரியாதை குடுத்து ஒதுங்கும். இதுக்கு இயற்கையின் பணிவுன்னு பேரு.”

“என் வீட்டுலயும் நாலு பேருக்குச் சோறு போட்டேன் சார். அங்க எதுக்கு ஒதுங்கல?”

அவர் பதில் சொல்வதற்குள் நூல் மண்டபத்துக்குள் போய்விட்டது. உள்ளே முகூர்த்தம். வாசலில் நின்றவர்கள் கரி பூசிக் கிழிந்த சட்டையோடு வந்தவரைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துப் பன்னீர் தெளித்தார்கள். நூல் பந்தி வரிசையைத் தாண்டி, மேடையேறி, மணவறைக்குக் குறுக்கே ஓடியது. ராஜகுருவும் ஏறினார். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் “மன்னிக்கணும், மன்னிக்கணும்” என்று கூனிக்கொண்டு கடந்தார். போட்டோக்காரர் பழக்கதோஷத்தில், “சார், சிரிங்க” என்றார்.

சிரிப்பு வரவில்லை.

மண்டபத்துக்காரர் எதிரே வந்தார். “என்ன இன்ஜினியரு, சொல்லாமக் கொள்ளாம?”

“வாழ்த்த வந்தேங்கய்யா.”

வெளியே வந்ததும் பட்டியலில் “தற்காலிகப் பந்தல்” என்று எழுதினார். பஞ்சம்மாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“சார், அது மூணு மாடி. லிப்டு இருக்கு.”

அடித்துவிட்டு எழுதினார். தலைமதகிலிருந்து இடித்து வந்தால், அவள் வீட்டுக்கு முன்னால் இந்த மண்டபம். அதற்கு முன்னால் என்னென்ன வருமோ!

வந்தது.

*

பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்ததும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பொட்டல். நடுவில் ஆளுயர மதில், தென்னை, இரும்புக் கேட்டு. நாகராஜ் நின்றுவிட்டார். சோலையும் நின்றுவிட்டார். ராஜகுருவும் நின்றார்.

அது அவருடைய மேலதிகாரி, ஐந்து மாவட்டங்களின் தலைமைப் பொறியாளருடைய பண்ணை வீடு.

“இங்கன முடிச்சுக்குவோம்மா. நாளைக்கு மிச்சத்த…”

“என் வீட்டுலயும் இப்படித்தான் சார் பாதில நிறுத்துனீக. இன்னிக்கி மணி மூணுதான் ஆகுது.”

காவல்காரன் ராஜகுருவை அடையாளம் தெரிந்து கேட்டைத் திறந்தான். நூல் புல்தரையில் போனது. வீட்டின் பக்கவாட்டில், கால்வாய் போகவேண்டிய அதே பள்ளத்தில், நீல நிற ஓடு பதித்த நீச்சல் குளம். இந்தக் கால்வாய்க் கோட்டில் நாற்பத்தைந்து வருஷத்தில் நின்ற ஒரே தண்ணீர் அதுதான்.

பஞ்சம்மாள் குளத்தைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போய் நூலைக் குச்சியில் கட்டினாள். நூல் குளத்தின் மேல் விறைப்பாக நின்றது.

“வாங்க சார்.”

“அம்மா… நான் சுத்தி வாரேனே.”

“எத்தனை கிலோமீட்டரு தாண்டி வந்துட்டீக. திரும்ப மொதல்ல இருந்தா சார்?”

ராஜகுரு ஷூவோடு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு, பிறகு மார்பளவு. கிழிந்த சட்டை குடை மாதிரி மிதந்தது. உடம்பிலிருந்த கரி கரைந்து நீலத் தண்ணீரில் பரவியது. பட்டியலை நனையாமல் தலைக்கு மேல் பிடித்திருந்தார். நட்டநடுவில் வந்தபோது, கரையில் நின்ற காவல்காரன் போனை நீட்டினான்.

“ஐயா லைன்ல இருக்காக. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன்.”

“யோவ் ராஜகுரு!” குளமே அதிர்ந்தது. “என் குளத்துக்குள்ள என்னய்யா பண்ற?”

“கால்வாய்ல… நடக்கேன் சார். கட்டடப் பட்டியல் எழுதணும். விதிப்படி தலைமதகுல இருந்து இடிச்சு வரணும் சார். அப்படி வந்தா முதல்ல…” அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

“முட்டாப் பயலே! அங்க கால்வாய் எங்கய்யா இருக்கு? இல்லைன்னு எழுது!”

“சார், கால்வாய் இல்லைன்னா நம்ம கோட்டமே இருக்காதே. முப்பத்திரண்டு பேரு… ஜீப்பு… எல்லாம் கலைஞ்சுரும் சார்.”

“கோட்டம் போனா இன்னொரு கோட்டம் தொறந்துக்கலாம்யா! வராத ரயிலுக்கு, பறக்காத விமானத்துக்கு, எதுக்கு வேணாலும் தொறக்கலாம். நாட்டுல இல்லாததுக்கா பஞ்சம்? என் வீடு போனா நான் எங்கய்யா போவேன்? ஒரு மனுஷன் வீடு கட்ட எவ்வளவு கஷ்டப்படுறான் தெரியுமா? கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா?”

கரையில் நின்ற பஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சோலைக்குத் தெரியவில்லை.

அக்கரை ஏறிய ராஜகுரு தன் சட்டைப் பையில் கை விட்டார். அவருடைய போன் குளத்துக்குள் அவரோடு நடந்து வந்திருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

*

தலைமதகுக்கு வந்து சேர்ந்தபோது நாலரை மணி. துருப்பிடித்த பல்சக்கரம், காரை உதிர்ந்த கல் கட்டடம், வருஷம் செதுக்கிய கல்வெட்டு. கால்வாயிலேயே முழுசாக மிச்சமிருந்த பகுதி அதுதான். அதன் திண்டில் உட்கார்ந்துதான் ராஜகுரு எழுதினார்.

“பதினான்கு கிலோமீட்டர் நேரில் நடந்து ஆய்வு செய்ததில், மேற்படி கால்வாய் பூமியில் எங்கும் காணப்படவில்லை.”

“என் கதவு நம்பரு போடுங்க சார். நோட்டீஸு ரத்துன்னு தனி வரியா.”

போட்டார்.

“பதினாலாம் விதி சார். தப்பா இடிச்சிருந்தா, இடிக்கச் சொன்னவுகளே முன்னால நின்னு கட்டித் தரணும். அதையும் எழுதுங்க. ஜன்னலு தேக்கு.”

எழுதினார்.

“இப்ப வாசிங்க. சத்தமா. எனக்குக் கண்ணு மங்கல்.”

எறும்பு எழுத்தைப் படித்த கண். ராஜகுரு வாசித்தார். “பூமியில் எங்கும்” என்ற இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பஞ்சம்மாள், “அந்த வரி காத்துல போயிருச்சு சார்” என்று இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கையெழுத்தானதும் காகிதத்தை ஊதிக் காயவைத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

சோலை தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். “ஐயா, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நான் சைபர் சொல்லணுமா, வேணாமா?”

“எதுவும் சொல்லாத!”

நாகராஜ், அந்த வழியாக வந்த சோலையின் மச்சானுடைய பைக்கில் தொற்றிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார். இனி தனக்கு மேலதிகாரி யார் என்று தெரியாததால் விடைபெற வேண்டியது யாரிடம் என்றும் அவருக்குத் தெரியவில்லை.

ராஜகுரு நொண்டியபடி ரோட்டில் நின்ற ஜீப்புக்குப் போனார். கதவில் கை வைத்தார். டிரைவர் நல்லமுத்து இறங்கி, பணிவாகக் குறுக்கே நின்றார்.

“மன்னிச்சுக்கோங்க சார். வண்டி கால்வாய்ப் பணிக்கு மட்டும்னு லாக் புக்குல இருக்கு. கால்வாய் இல்லைன்னு இப்பத்தான் நீங்களே கையெழுத்துப் போட்டீக. இல்லாத கால்வாய்க்கு வண்டி ஓட்டுனேன்னு ஆடிட்டுல வந்தா நான் என்ன சொல்ல? ரெண்டு மாசத்துல ரிட்டயர்டு சார். புள்ளகுட்டிக்காரன்.”

“யோவ் நல்லமுத்து! நான் சொல்றேன், எடு வண்டிய!”

“எந்தக் கோட்டத்துச் செயற்பொறியாளரா சொல்றீக சார்?”

கேட்டது நல்ல எண்ணத்தில்தான். நல்லமுத்து வணக்கம் வைத்துவிட்டுக் காலி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்.

பஞ்சம்மாள் திருச்சுழிப் பக்கமாகக் கால் கிலோமீட்டர் நடந்து, ரோடு பிரிகிற விலக்கு ஸ்டாப்பில் நின்று, அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் சீட்டு கிடைத்தது. காலை நீட்டி உட்கார்ந்தாள். உள்ளங்காலில் நாலைந்து முள் இருந்தன. வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். வீடு இருக்கிறது.

பஸ் வேகமெடுக்கும்போது ரோட்டோரத்தில் ஒரு உருவம் தெரிந்தது. ஈரச் சட்டை, ஒரு ஷூ கையில். இன்னொரு கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே ரோட்டுக்கு வந்தது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். “யாரோ ஆபீசரு மாதிரி இருக்காக. பாவம், நிறுத்தி ஏத்திக்குவமா?”

பஞ்சம்மாள் ஜன்னல் வழியாக அந்த முகத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

“அங்கன ஸ்டாப்பு இல்லையே, தம்பி” என்றாள்.